சைபர் பெட்டி

பாலக்கோடு தக்காளி மண்டிக்கு எதிரே
மாடியறைதான் என் அலுவலகம்:
ஒரு மேசை, ஒரு இன்வெர்ட்டர்,
பெங்களூருக்குத் தினம் இரண்டு அழைப்பு.

ஞாயிறு மதியம் முனிலட்சுமி அக்கா வருவார்.
என்னைவிட ஆறு வயது மூத்தவர்,
மண்டியில் பெட்டிக் கணக்கு எழுதுகிறவர்.
"பைத்தான் சொல்லிக் குடு" என்றார். கொடுக்கிறேன்.

மூன்றாம் வாரம் கேட்டார்:
"மொதப் பெட்டிக்கு ஏன் சைபர்?"
"அது அப்படித்தான்" என்றேன்.
ஒன்பது வருஷமாக எனக்கும் அது அப்படித்தான்.

அன்றிரவு, முடிக்க வேண்டிய வேலை கிடக்க,
சைபரையே தோண்டிக்கொண்டிருந்தேன்.
படித்தது எல்லாம் புரிந்தது.
ஒன்றும் வாயில் வரவில்லை.

அடுத்த ஞாயிறு, விரலில் தக்காளிக் கறையோடு
அவரே சொன்னார்:
"லாரிப் பின்கதவுல நிக்கறன்னு வெச்சிக்கோ.
எத்தனை பெட்டி தாண்டணும்னுதானே மிஷினு கேக்குது?
மொதப் பெட்டிக்கு எதைத் தாண்டறது?"

திங்கட்கிழமை
புதிதாய்ச் சேர்ந்த நான்கு பேருக்குத்
திரையில் ஒரு லாரி வரைந்தேன்,
அக்கா பெயரும் சொன்னேன்.
ஒருவன் கேட்டான்:
"லாரி காலியா இருந்தா?"

குறித்துக்கொண்டேன்.
ஞாயிறு வரட்டும்.