பாரம்

பத்தொன்பது வருடமாகக் கேட்பவள் நான்.
அப்பா இருக்காரா, எந்த வயசுல போனாரு,
அம்மா, கூடப்பிறந்தவங்க, சர்க்கரை, பிரஷர்.
காளவாசல் மாடி வீடுகளில் காபி ஆற ஆற
பாலிசிக்காரர்கள் சொல்லச் சொல்ல எழுதுவேன்.
பாதி பொய் என்று தெரியும்.
"சும்மா படுத்தவரு எந்திரிக்கலைங்க" என்றால்
மஞ்சள்காமாலை. இல்லாவிட்டால் கயிறு.

இன்று அண்ணா நகர் ஆஸ்பத்திரியில்
என் மடியில் ஒரு பாரம்.
போன வருடம் வரை இதெல்லாம் இல்லை.
நாற்பது ஆச்சா, வா, வரிசையில் நில்,
குளிர்ந்த தட்டில் வை, மூச்சைப் பிடி.
எல்லோருக்கும் ஒரே அழுத்தம், ஒரே ரசீது.
லீலாபாய்க்கு அப்படித்தான்
படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி விழுந்து
ஊசி குத்திச் சதை எடுத்து
பதினொரு ராத்திரி தூங்காமல் கிடந்தாள்.
ஒன்றுமில்லை என்று வந்த காகிதம்
இன்னும் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில்.

இனி ஆளுக்கொரு கணக்கு என்கிறார் டாக்டர் பெர்னதெத்.
எப்போது வயசுக்கு வந்தீங்க,
முதல் பிள்ளை எப்போது,
தாய்வழியில் யாருக்காவது.
தகப்பன்வழியிலும்.

பேனா அங்கே நின்றது.
ஒச்சம்மா அத்தை காய்ச்சலில் போனாள்
என்றுதான் வீட்டில் பேச்சு.
கேட்டே பிழைக்கிறவள், அதை மட்டும் கேட்டதில்லை.

செக்கானூரணிக்குப் போன் போட்டேன்.
அப்பா டீக்கடையில். பக்கத்தில் பஸ் உறுமியது.
அத்தை எதுலப்பா போச்சு?
"காய்ச்சல்தான்."
என்ன காய்ச்சல்?
பஸ் கிளம்பிப் போனது.
எதிராளி இப்படி நிறுத்தினால்
வாயைத் திறக்கக் கூடாது, தொழில் அது.
திறக்கவில்லை.
"மாருல" என்றார். "கட்டி. ஒடைஞ்சுபோச்சு.
வேப்பெண்ணெய்த் துணிய ஒங்கம்மாதான் மாத்துவா.
பொட்டப்புள்ளைகளுக்குச் சம்பந்தம் வராதுன்னு
யார்ட்டயும் சொல்லல."
வயசு?
"முப்பத்தாறு. ஆடி பிறந்திருந்தா முப்பத்தேழு."

கட்டம் சின்னது. எண்ணை மட்டும் எழுதினேன்.

டாக்டர் படித்துவிட்டு இன்னொரு தாளை இழுத்தார்.
லீலாபாய்க்கு ரெண்டு வருடத்துக்கு ஒருதரம் போதும்.
எனக்கு வருடா வருடம், கூடவே பெரிய ஸ்கேன்,
ரத்தம்,
தங்கச்சியையும் கூட்டி வரணும்.

லிப்டில் லீலாபாய் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.
"என்னை மட்டும் ஏண்டி தள்ளிவிடுறாங்க?
வயசானவ போதும்னா?"
சிரித்துவிட்டேன். அவளும், கொஞ்சம் கழித்து.

கீழே வந்ததும் போன். அப்பா.
"இப்ப எதுக்கு அதக் கேட்ட?"

ஒண்ணுமில்லப்பா.
ஒரு பாரம் எழுத வேண்டியிருந்துச்சு.