கதவோரத்து மேசை

அடையாள அட்டையில் இருப்பவள்
ஒட்டிய கன்னக்காரி.
இங்கே நிற்பவளுக்கு முகம் பூசணி.
மேற்பார்வையாளர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்,
திரும்பவும் அட்டையை.
"ஸ்டெரொயிட், சேர்."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
கையெழுத்து மட்டும் பழைய கையெழுத்துத்தான்.
அதை நம்பி உள்ளே விட்டார்கள்.

பெருங்குடலில் புண்.
அப்படியே சொன்னால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்று
அம்மா ஊருக்குச் சொல்லிவைத்த பெயர், அல்சர்.
அல்சருக்கு எல்லாரிடமும் மருந்திருந்தது:
மணத்தக்காளி, இளநீர், நேரத்துக்குச் சாப்பாடு.

திருகோணமலையை நான் அறிந்த மாதிரி
படம் பிடிக்க வருகிறவர்கள் அறியமாட்டார்கள்.
உவர்மலையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும்
என் கணக்கில் நாலு கதவுகள்.
பஸ் நிலையத்தில் காசு வாங்குவார்கள், கொண்டி இல்லை.
ஆஸ்பத்திரியில் கொண்டி உண்டு, தண்ணீர் சந்தேகம்.
சேர்ச்சுக்குப் பின்னால் இருப்பது சுத்தம்,
ஆனால் புதனும் ஞாயிறும்தான் திறப்பு.
நாலாவது ஒரு ஃபார்மசி.
நான் ஓடிவருவதைக் கண்டாலே சுகந்தரூபன் அண்ணா
ஒன்றும் கேட்காமல் கவுண்டர்ப் பலகையைத் தூக்கிவிடுவார்.
கோணேசர் மலைக்குப் போய் இரண்டு வருசம்.
அங்கே படிகள் அதிகம்.

சோதனைக்கு இருபத்திரண்டு நாள் இருக்க
மறுபடி இரத்தம் போனது.
குளிசையை எட்டாகக் கூட்டினார்கள்.
அது நித்திரையைக் கொண்டுபோனது.
விடிய மூன்று மணிக்கு, உள்துறைமுகத்தில்
ஏதோ ஒரு கப்பலின் வெளிச்சத்தைப் பார்த்தபடி
கிரெப்ஸ் வட்டம் கீறினேன்.
அப்பா மா ஆலையில் இரவுவேலை முடித்து வந்து
சைக்கிளைச் சாத்தும்போது ஒரே கேள்விதான்:
"இண்டைக்கு எத்தனை தரம்?"
எத்தனை பாடம் முடிந்தது என்று கேட்டதே இல்லை.
எண்ணை வாங்கிக் கலண்டரில் பென்சிலால் எழுதுவார்.

வெறும் வயிறு பொய் சொல்லாது என்று
காலையில் ஒன்றும் உண்ணாமல் போனேன்.
சொன்னது.
ஒன்பது நாற்பதுக்குக் கை உயர்த்தினேன்.
கூட வந்தவ பஸ்மியா மிஸ், கிண்ணியா.
பேசக்கூடாது என்பது சட்டம், பேசவில்லை.
தூறல். சைக்கிள் கொட்டிலுக்குள் இரண்டு மான்கள்,
ஒன்று காகித உறையொன்றை மென்றுகொண்டிருந்தது.

அந்தக் கதவு
மேலே அரையடி, கீழே அரையடி வெட்டியது.
எல்லாம் வெளியே கேட்கும்.
வலியை நான் பொறுப்பேன், அதை அல்ல.
பல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது
வெளியே குழாய் திறபட்டது.
வாளி இல்லை, கை கழுவவும் யாருமில்லை.
சும்மா, சீமெந்துத் தரையில், முழு வேகத்தில்.
நான் வெளியே வந்ததும் மூடினா.
என்னைப் பார்க்கவில்லை.

கடைசி நாள் உயிரியல், பகுதி இரண்டு.
பெருங்குடல் பற்றி ஒரு வரியும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் அனுபவத்திலிருந்தே பத்துப் பக்கம் எழுதியிருப்பேன்.
கேட்டது உரியம்.
மூன்றாம் தரம் போனபோது
குழாயில் தண்ணீர் இல்லை. காற்று இருமிவிட்டு நின்றது.
உள்ளே நான்
ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு சாவிக்கொத்து ஒன்று கிலுங்கத் தொடங்கியது.
கை மாற்றி, கை மாற்றி,
ஏழு நிமிடம்.

மண்டபத்தில் மீதி பதினொரு நிமிடம்.
எட்டாம் வினாவில் ஒரு படம்.
அம்புக்குறிகள் வரை வந்துவிட்டேன்,
பெயர் குறிக்க நேரம் போதவில்லை.
தாள் தாளாகச் சுட்டெண் எழுதினேன்,
முகம் கேட்காத ஏழு இலக்கங்கள்.
நூல் கட்டும்போது விரல் நடுங்கியது, அது குளிசை.

கேற்றடியில் மழைக்குள் அப்பா.
இன்னும் தலையில் மாப் படிந்திருந்தது.
"எத்தனை?"
"மூண்டு."
கலண்டர் வீட்டில் இருந்தது.
சட்டைப்பையிலிருந்த பேனையை எடுத்து
உள்ளங்கையில் எழுதி,
நனையாமல் கையை மூடிக்கொண்டு
மற்றக் கையால் சைக்கிளைத் திருப்பினார்.