நாலு தையல்

போன ஞாயிறு முட்டத்துக்கு மேற்கே
படகு திரும்பும் நேரம் முன்பாய் படபடத்தது.
அதன் பின்மூலையில் தொங்கிய ஸ்டீல் சாக்கிள்
ரினால்டோவின் நெற்றியைத் தேடிப் போய் அடித்தது.
குளச்சல் ஆஸ்பத்திரியில் நாலு தையல்.
"மீனுக்குப் போனியாடே?" என்று கேட்டவரிடம்
"சும்மா ஓடப் போனோம்" என்றான்.
அவர் ஊசியை நிறுத்திவிட்டு ஒருமுறை பார்த்தார்.

கடலுக்குச் சும்மா போகிறவர்களை
எங்கள் ஊரில் அப்படித்தான் பார்ப்பார்கள்.

இருபத்திரண்டடி ஃபைபர் படகு.
கொச்சியில் ஒரு கிளப் கழித்துப் போட்டது.
மூன்று பேர் சீட்டுப் பணம்.
டீசல் நாற்றமில்லாத படகை
ஏலக்கூடத்து நாய்கள்கூட நம்பவில்லை.

புதன்கிழமை கம்பெனி விட்டதும் தோபியாஸ் கடை.
வலைக் கம்பெனியில் எனக்குப் பதினோரு வருடம்,
நூலைத் தொட்டால் எண் சொல்வேன்.
ஆனாலும் கயிற்றுச் சுருள்களின் முன்னால்
கடன் கேட்க வந்தவள்போல் நாக்கு ஒட்டிக்கொண்டது.

"எத்தனை கிலோ?"
"கிலோ வேண்டாம். மீட்டர்."
"எதுக்கு?"
"பாய்க்கு."
"பாய்க்கு ஏன் பிள்ளே கயிறு? சுருட்டி மூலையில வை."
"படுக்கிற பாய் இல்ல. படகுப் பாய். தாமான் கயிறு."
சிரித்துக்கொண்டே ஏணியில் ஏறினார்.

முதலில் நைலான்.
இரு கையால் இழுத்தேன். இணங்கி நீண்டது.
நங்கூரத்துக்கு அந்தக் குணம் நல்லது.
பாய்க்கு ஆகாது:
நான் ஒரு முழம் இழுத்துக் கட்டினால்
காற்றிடம் அரை முழம் ரகசியமாய்க் கொடுத்துவிடும்.

பிறகு பாலியெஸ்டர், பின்னியது.
எட்டு மில்லி தாங்கும் என்கிறது கணக்கு.
கண்ணை மூடி முஷ்டிக்குள் இறுக்கினேன்.
எட்டு மில்லி, கத்தி.
பத்து மில்லி, கயிறு.
பலம் பாய்க்கு, பருமன் கைக்கு.
ஈரத்தில் ஒரு மணி நேரம் பிடித்திருக்கப் போவது
கணக்கு அல்ல.

இருபது மீட்டர் ஒரே துண்டா, பத்துப் பத்தாய் ரெண்டா?
ஒரே துண்டு என்றாள் மெற்றில்டா.
நடுவில் மடித்து வளையத்துக்குள் கொடுத்து
இரு நுனியையும் அந்தக் காதுவழி இழுத்துவிட்டால்
முடிச்சே வேண்டாம், எதிலும் சிக்காது.
உண்மைதான்.
"ஒரு பக்கம் தேஞ்சா?" என்றேன்.
"தேஞ்சா..."
மறு பக்கத்தையும் சேர்த்துத்தான் எறியணும்.
அவள் கொஞ்ச நேரம் கயிற்றையே பார்த்தாள்.
பிறகு தோபியாஸிடம், "ரெண்டா வெட்டுங்க."
நாகர்கோவில் கோர்ட்டில் அவள் வழக்கு
நாலாம் வருடமாக வாய்தாவில் இருக்கிறது.

ஞாயிறு, ரெண்டாம் பூசை முடிந்து, துறைமுகம்.
கம்பெனி முடிச்சு இறுகினால் கத்தி வேண்டும்.
இங்கே வேண்டியது வேறு:
இழுக்கும்வரை உயிரைக் கொடுத்துப் பிடித்து
விட்டதும் விரல்நுனிக்கு இளகுகிற கண்ணி.
சின்னதாய் ஒரு கண்,
நுனி கீழிருந்து எட்டிப் பார்க்கிறது,
தாய்க்கயிற்றைச் சுற்றிவிட்டு
வந்த கண்ணுக்குள்ளேயே இறங்குகிறது.
வால் ஒரு சாண் விட்டேன். குறைந்தால் உருவிக்கொள்ளும்.
சிவப்பு இழை இடப்பக்கம், பச்சை வலப்பக்கம்.
கடைசி நுனிகளில் எட்டுப்போல் ஒரு முடிச்சு,
கை நழுவினாலும் கப்பியைத் தாண்டி ஓடாமல்.

சாக்கிளை ரினால்டோ கடலில் எறியவில்லை.
சட்டைப்பையில் போட்டு பட்டனும் மாட்டினான்.
எதற்கென்று நாங்கள் கேட்கவில்லை.

போகும்போது பச்சைக் கயிறுதான் உழைத்தது.
சிவப்பு, தட்டில் வளைந்து வளைந்து கிடந்தது.
மெற்றில்டா அதைச் சோம்பேறி என்றாள்.
அடுத்த திருப்பம் அதனுடையது என்றேன்.

முட்டத்து விளக்கை முதுகுக்கு விட்டு
கச்சானுக்கு எதிரே மேலேறி வந்தோம்.
"திருப்புறேன்!"
பச்சையை விட்டேன், சிவப்பை இழுத்தாள்.
பாய் பைத்தியம்போல் அடித்துக்கொண்டது.
இரு முடிச்சும் மரத்துக் கம்பியில் முட்டி,
ஒரு கணம் நின்று யோசித்து,
நழுவி அந்தப் பக்கம் போயின.

ரினால்டோ குனிந்திருந்தான்.
பாய் நிறைந்து அமைதியான பிறகும்,
அங்கே இல்லாத இரும்புக்காக,
நெற்றியில் கை வைத்தபடி,
இன்னும் கொஞ்ச நேரம்.