ஈரப் பனிக்கு எந்த மெழுகு

விடுப்பின் ஏழாம் நாள், மூக்கையூர்.
நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போது
ஸ்டான்சின் கூப்பிடுகிறான், குல்மார்க்கிலிருந்து.
நாளைக் காலை ஒன்பது மணிக்குப் பந்தயம், பத்துக் கிலோமீட்டர்.
நேற்றிரவு பனியின்மேல் மழை பெய்துவிட்டதாம்.
எந்த மெழுகு, உஸ்தாத்?

ஒரு பிடி அள்ளு, இறுக்கு, என்கிறேன்.
உருண்டை நிற்கிறதா?
நிற்கிறது.
இன்னும் இறுக்கு.
கையுறை வழியாகச் சொட்டுகிறதாம்.
இங்கே என் பின்கழுத்தில் இறங்குவது
வேறு தண்ணீர்.

பனியை முதன்முதலில் நான் நக்கித்தான் பார்த்தேன்.
வாலிநோக்கத்து உப்பளம் பார்த்து வளர்ந்த நாக்கு.
அன்று சிரித்தவர்களில் ஸ்டான்சினும் உண்டு.

அப்படியானால் மஞ்சள்.
நீலத்தைப் பெட்டியிலேயே மூடி வை,
அது மொறுமொறுவென்று உலர்ந்த குளிருக்கு.
இஸ்திரியைப் புகைய விடாதே,
வெந்துபோன அடி எதையும் குடிக்காது.
ஆறட்டும். சுரண்டு. மறுபடி சுரண்டு.
இருக்கட்டுமே என்று கொஞ்சம் விட்டுவைப்பாயே,
மலையின் அழுக்கையெல்லாம் கூட்டி வருவது
அந்தக் கொஞ்சம்தான்.

அதற்குள் கரையில் சத்தம்.
மச்சான் கஸ்பாரின் படகு நகர மாட்டேன் என்கிறது.
ஆறு பேர் தோள் கொடுத்தாயிற்று.
புது ஃபைபர், அடியில் கண்ணாடி மாதிரிப் பெயின்ட்.
வழுக்கிக்கொண்டு போகும் என்று
போன வாரம்தான் மினுக்கினான்.
ஈர மணல் வாய் வைத்து உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது.
பக்கத்தில் கிடந்த பிலவேந்திரனின் படகோ,
அடி முழுக்கப் பாறையும் சிப்பியும் கீறிய கோடுகள்,
நாலு பேர் கைக்கே
கடலுக்குள் போய்விட்டது.

ஸ்டான்சின், இரு.
மெழுகு பாதிதான்.
தண்ணீர் நிற்கிற இடத்தில் வழவழப்பு ஒட்டிக்கொள்ளும்.
ஈர மேசையில் வைத்த கிளாசைத் தூக்கியிருக்கிறாய் அல்லவா,
மேசையும் கூட வருமே.
கோடு போடும் உருளையை எடு, பெரிய பல் உள்ளதை.
மூக்கிலிருந்து வால்வரை, நீளவாக்கில்,
பயப்படாமல் அழுத்து.
தண்ணீர் போக வழி வேண்டும்.

புதுக் கட்டையைக் கீறுவதா, என்கிறான்.
சிக்னல் போய்விட்டது.

கஸ்பாரிடம் உப்புத்தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.
முறைத்தான்.
பெயின்ட்டுக்கு மட்டும் ஒன்பதாயிரம்.

மறுநாள் மதியம் செய்தி வந்தது:
பதினோராம் இடம்.
ஏற்றத்தில் மூச்சு விட்டுப்போனது.
இறக்கத்தில் மட்டும்
ஒருவனும் என்னை முந்தவில்லை, உஸ்தாத்.
கூடவே ஒரு படம்,
கட்டையின் அடி, நெருக்கு நெருக்காகக் கோடுகள்.

கஸ்பார் என் கையிலிருந்து போனை வாங்கினான்.
அவன் படகின் மூக்கு மட்டும் அப்போது ஈரத்தில் இருந்தது.
படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு,
என்ன மீனின் செவுள் இது,
என்றான்.