பத்து அங்குலம்

இரவு இரண்டே முக்காலுக்கு
ஆளில்லாத குளியலறையில்
யாரோ தண்ணீர் இழுத்துவிட்ட சத்தம்.
பேயென்றால் பரவாயில்லை,
பேய்க்கு மீட்டர் ஓடாது.

துலூத் நகராட்சியின் பில் என் பெயருக்கு வருகிறது.
மேல் வீட்டில் நான்,
கீழ் வீட்டில் வாடகைக்கு ஹால்வர்சன்,
ஆக இரண்டு பேர்.
பன்னிரண்டு பேர் குளித்த கணக்கு அதில்.

தொட்டிக்குள் நாலு சொட்டு நீலம் விட்டேன்,
கேக் மேல் பெயர் எழுதும் சாயம்.
கால் மணி நேரத்தில் கீழே பீங்கானில்
ஒரு நீல நூல் இறங்கி வந்தது.
திருடன் அகப்பட்டான்.
திருடனுக்கு எழுபது வயது.

மூடியைத் திருப்பினால் உள்பக்கம்
சூளைக்குப் போகுமுன் ஈரக் களிமண்ணில் குத்திய தேதி:
1931 நவம்பர் 9.
பழைய நாட்காட்டியில் பார்த்தேன், திங்கட்கிழமை.
வாரத்தின் முதல் வேலை. அவசரமில்லாத எழுத்து.

ஹார்டுவேர் கடை ஆர்வோ
நான் கொண்டுபோன பித்தளை வால்வை
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தான்.
'இதைச் செய்த கம்பெனி செத்தாச்சு,
அதை வாங்கின கம்பெனியும் செத்தாச்சு.'
புதிதாய் ஒன்றைக் காட்டினான்,
வெள்ளை வெளேரென்று.

சுவருக்கும் தரைத்துளைக்கும் நடுவே
என் வீட்டில் பத்து அங்குலம்.
உலகம் எப்போதோ பன்னிரண்டுக்கு மாறிவிட்டது,
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அந்த இரண்டு அங்குலத்துக்குச் சுவரை இடிக்க வேண்டும்,
சுவருக்கு அந்தப் பக்கம் மாடிப்படி.
போதாததற்கு நிறம்.
குளியல்தொட்டி, பேசின், இது, மூன்றுமே
ஊறவைத்த பட்டாணிப் பச்சை.
ஒன்றை அனுப்பினால் மற்ற இரண்டும்
தப்பான வீட்டுக்கு வந்த விருந்தாளிபோல் விழிக்கும்.

இடித்த வீடுகளின் சாமான் விற்கும் டெலோரஸ்
தகரக் கொட்டகைக்குப் பின்னால்
அவற்றைப் பனியில் நிறுத்திவைத்திருந்தாள்,
கூட்டம் முடிந்தது தெரியாத உறுப்பினர்களாய்,
ஒவ்வொரு மடியிலும் ஒரு பிடி உறைபனி.
மூடி மூடியாய்த் தூக்கினேன். 1940. 1928. தேதியே இல்லாத ஒன்று.
பதினோராவதில் இருந்தது என் வால்வு.
ரப்பர் மட்டும், என்னுடையதைப் போலவே,
தொட்டதும் விரலில் மையாய் ஒட்டிக்கொண்டது.
ஐந்து டாலர் என்றாள், சும்மா எடுத்துப்போ என்றாள்,
பிறகு மூன்று வாங்கிக்கொண்டாள்.

முதல் நாள் ஒரு திருகு, முறிந்தது.
மறுநாள் முறிந்ததைத் தோண்டும் வேலை.
தண்ணீரை அடைக்கப் போனால் அந்தக் குழாயும் ஒழுகியது.
கிணறு வெட்டினேன்,
பூதம் குடும்பத்தோடு வந்தது.
நாலு நாள் பக்கெட்டும் நானும்.
பித்தளை விளிம்பில் அம்மைத் தழும்புபோல் குழிகள்,
உப்புத்தாளால் தேய்த்தேன், பார்த்து அல்ல,
விரல்நுனியால் கேட்டுக் கேட்டு.

ரப்பருக்கு எங்கே போவேன்?
கடையில் ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு.
நிலவறை ஆணியில் வென்டல் விட்டுப்போன
மீன்பிடி பூட்ஸ், தொடைவரை ஏறுவது.
அவன் இப்போது விஸ்கான்சினில்,
வேறு ஆற்றில், வேறு பூட்ஸில்.
வலது காலை எடுத்தேன்.
டுனா டப்பாவை வைத்து வட்டம் வரைந்தேன்,
நடுவில் ஒரு துளை.
கோபத்தில் வெட்டியதாக நினைக்காதீர்கள்.
கோபத்தில் வெட்டினால் வட்டம் கோணும்.

தண்ணீரைத் திறந்தேன்.
செம்புப் பந்து ஏறி, ஏறி,
நின்றது.
மறுபடி நாலு சொட்டு நீலம்.
ஒன்பது மணி. பத்து மணி.
பீங்கானில் பட்டாணிப் பச்சை, வேறொன்றுமில்லை.

பழக்க தோஷம், இரண்டே முக்காலுக்கு விழித்தேன்.
ஏரி உறைந்து கிடந்தது, கப்பல் சங்கு இல்லை.
ஹீட்டர் குழாய் ஒருமுறை சொடக்கு எடுத்தது.
அப்புறம்
தரைக்கு அடியிலிருந்து, சன்னமாய்,
ஸ்ஸ்ஸ் என்று...

ஹால்வர்சனுடையது.
இத்தனை வருஷமும் என் சத்தத்துக்குள் அது ஒளிந்திருந்தது.
அவருக்குத் தெரிய நியாயமில்லை,
காதுக் கருவியைக் கழற்றி
தேநீர்க் கோப்பையில் போட்டுவிட்டுத் தூங்குகிறவர்.
காலையில் கதவைத் தட்ட வேண்டும், பலமாக.
அங்கேயும் பத்து அங்குலமாகத்தான் இருக்கும்.

நல்லவேளை,
இடது கால் முழுசாய் இருக்கிறது.