ஏழு எண்ணும் வரை

சஃப்வானின் டயர் கடையில்
ஒரு பெயின்ற் வாளி நிறைய
சில்லுச் சமன்பார்க்கும் ஈயக் கட்டைகள்.
"பார்த்து எடு, இப்ப வாறதில பாதி ஈயமில்லை."
உண்மைதான்.
சட்டியில் எல்லாம் உருகிய பிறகும்
துத்தநாகம் மட்டும் கரையாமல் மிதந்தது,
கலியாண வீட்டில் ஒருவரையும் தெரியாதவன் போல.

தண்ணீர்த் தாங்கிக்குப் பின்னால் வைத்துத்தான் உருக்குவேன்,
காற்று கடல் பக்கம் போகும் நேரம் பார்த்து.
முகத்தைத் துடைத்துவிட்டுத்தான் குனிவேன்.
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தால் போதும்,
ஈயம் எழும்பி வந்து அறையும்.

உவர்மலை லேத்துக்காரன் குடைந்து தந்த அச்சில்
கொளுக்கியைக் கிடத்தி, ஊற்றி, தட்டித் திறந்தால்
தலை.
உடம்பில்லாத, கண்ணில்லாத
பதினைந்து கிராம் சாம்பல்.
அன்றைக்கு இருபத்திரண்டு.

நிறத்துக்கு
அலுமினிய ஜன்னல் கடையில் மிஞ்சிய தூள்.
வெள்ளை இருந்தது, கபிலம் இருந்தது,
ஒரு ஃபார்மசிக்காரன் சொல்லிவைத்து
எடுக்காமலே போன கிளிப்பச்சை இருந்தது.

முதல் தலையைச் சுவாலையில் கூடப் பிடித்துவிட்டேன்.
தோய்த்ததும் தூள் கொதித்துக் கொப்புளித்து
அம்மை போட்ட முகம்.
அடுத்ததற்குச் சூடு காணாது,
நகம் பட உதிர்ந்தது.
ஏழு எண்ணும் வரை என்று கண்டுபிடிக்க
ஒன்பது தலை போனது.
அதுவும் கச்சான் காற்று அடிக்காத நாளில்தான் ஏழு.

பிறகும் திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது.
கொடியில் உடுப்பெடுக்க வந்த கௌசிகா,
இந்த ஒழுங்கையின் பிறந்தநாள் கேக் எல்லாம் அவளுடையது,
கொஞ்ச நேரம் பார்த்தாள்.
"மாவை அரிக்காமல் போட்டா இப்பிடித்தான்."
டப்பாவை வாங்கி அடியில் நாலு தட்டு.
தூள் மூச்செடுத்து உப்பியது.
ஏழு எண்ணினேன். தோய்த்தேன்.
ஒரு சொட்டுத் தண்ணீர் படாமல் ஈரமாகி
மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது கிளிப்பச்சை.

"இனி உன்ர அவணில இருபது நிமிஷம் மட்டும்..."
"கொண்டு வந்து பாருங்கோ."

மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குப் பழைய அவண் ஒன்று,
கதவுக் கண்ணாடியில் கீறல்.
மாக்கரால் அவளே எழுதி ஒட்டினாள்:
தின்ன அல்ல.
நூற்றெண்பதில் விட்டேன்.
ஈயம் உருக அதைப்போல் கிட்டத்தட்ட இரு மடங்கு வேண்டும்,
தெரியும்,
என்றாலும் இருபது நிமிஷமும்
கண்ணாடிக்கு முன்னால் குந்தியிருந்தேன்.

டப்பாவை மூட மறந்துபோனேன்.
இரவு, மதில் உடைந்த பக்கத்தால் ஒரு மான் வந்து
மூக்கை உள்ளே விட்டுத் தும்மியது.
கிளிப்பச்சை மூக்கோடு அது வீதியைக் கடக்க
ஓட்டோ ஒன்று பிரேக் போட்டு
வெளிச்சத்தைத் தணித்து நின்றது.

வெள்ளி விடியற்காலை. டச்சுக்குடாப் பாறைகள்.
கொளுக்கிக் காதில் அடைத்திருந்த நிறத்தை
ஊசியால் குத்தி எடுத்து, நரம்பு கட்டி,
ரப்பர் வாலைக் கோத்து வீசினேன்.
இருந்ததில் வடிவானது அதுதான்.
அடியில் தட்டியது.
இழுத்தேன்.
கல்.
இடம் நடந்தேன், வலம் நடந்தேன், கம்பை வில்லாக்கினேன்.
நரம்பு அறும்போது
பெரிய சத்தம் ஒன்றும் கேட்பதில்லை.

பக்கத்துப் பாறையில் டெரன்ஸ்
பூசாத வெறும் ஈயத்தில் இரண்டு பாரை எடுத்திருந்தான்.
ஒன்றும் சொல்லவில்லை. நல்லவன்.

வீட்டுக்கு வர, மீனைப் பற்றிக் கேட்காமல்
"நிறம் கழண்டதா?" என்றாள் கௌசிகா.
தெரியாது என்றேன்.

மானின் மூக்கில் இருந்தது வேகாத தூள்,
சனிக்கிழமை மழையோடு போயிருக்கும்.
கல்லிடுக்கில் கிடப்பது வெந்தது.
ஒரு மீனும் திரும்பிப் பார்க்காவிட்டாலும்
அங்கே அது கிளிப்பச்சைதான்.

பெட்டியில் இன்னும் பன்னிரண்டு இருக்கிறது.