வரவேண்டியது

முதல் மூன்று செவ்வாயும்
பட்டுச்சேலை கட்டித்தான் உட்கார்ந்தேன்.
போன் திரையில் கோயம்புத்தூர் தாரிணி,
என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவள்,
அவளுக்குப் பின்னால் ஒரு செடி, வெள்ளைச் சுவர்.
எனக்குப் பின்னால் ஒன்றும் தெரியாதபடி
கம்ப்ரசர் அறைக் கதவைச் சாத்தியிருந்தேன்.

ஒரு மணி நேரம் நாலாயிரம்.
முப்பத்திரண்டு ஐஸ் பார்.
அதைக் கொடுத்து
'சூப்பர் மேடம்' வாங்கிக்கொண்டிருந்தேன்.
மண்டபத்தில் என் கம்பெனிக்கு
எழுபது போட்டு வாடிக்கை என்றேன்.
உண்மைதான்.
எழுபதில் எத்தனை காசு கொடுக்கும் என்று
அவள் கேட்கவில்லை
நானும் சொல்லவில்லை.

டாக்டரிடமும் வக்கீலிடமும் மறைக்காதே என்பார்கள்.
பிசினஸ் கோச்சை
எந்தப் பட்டியலில் சேர்ப்பதென்று யாரும் சொல்லவில்லை.
மறைத்தேன்.

நாலாவது செவ்வாய் கரண்ட் போனது.
ஜெனரேட்டர் போட ஓடியவள்
போனையும் கையோடு கொண்டுபோய்விட்டேன்.
எல்லாவற்றையும் பார்த்துவிட்டாள்.
அம்மோனியா வாடைக்கு வாயில் துண்டு கட்டிய பையன்களை,
கேனில் பாதி உறைந்து நின்ற தண்ணீரை,
சுவரில் கரிக்கட்டியால் நான் இழுத்த கோடுகளை.

"அது என்ன மேடம்?"
"கில்பர்ட். என் கொழுந்தன்."
"இல்ல, அந்தக் கோடு?"
"ஒரு கோட்டுக்குப் பத்து பார்."

எண்ண ஆரம்பித்தாள்.
நான் ஜெனரேட்டர் சாவியைத் தேடுவதுபோல் நின்றேன்.
சாவி என் கையில்தான் இருந்தது.

நூற்றுப் பதினாலு கோடு.
ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரத்து ஐநூறு.
"நீங்க அனுப்புன ஷீட்டுல இது எங்க இருக்கு?"
"வரவேண்டியதுல."
"வரவேண்டியதா,
வராததா?"

வெளியே கச்சான் அடித்துக்கொண்டிருந்தது.
அன்றைக்குத்தான் என் நாலாயிரம்
வேலை செய்யத் தொடங்கியது.

பிறகு பட்டு இல்லை. கதவும் சாத்துவதில்லை.
திங்கள் இரவு, போட்டுகள் போன பின்
மின்சார பில்லின் பின்பக்கம்
எதைக் கேட்டுவிடுவாளோ என்று பயப்படுகிறேனோ
அதை எழுதி, படம் பிடித்து
முதலிலேயே அனுப்பிவிடுகிறேன்.
சமையல்காரியிடம் மீன் கொடுப்பதுபோல:
செதிலோடு, குடலோடு.
கழுவிக் கொடுத்தால்
நேற்றையதா இன்றையதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கடலைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது.
தடைக்காலம் அறுபத்தியொரு நாள் என்றதும்
"அப்போ ஐஸை யாரு வாங்குவா?" என்றாள்.
சிரித்தேன்.
சிரித்து முடித்தபோது என்னிடம் பதில் இல்லை.
வள்ளங்களுக்குத் தடை இல்லை.
வள்ளக்காரனுக்கு முழு பாரும் தேவையில்லை,
நொறுக்கிய ஐஸ் அரைச் சாக்கு போதும்.
அதற்கென்று ஒரு தராசு
பதினெட்டு வருடத்தில் நாங்கள் வைத்ததேயில்லை.

எல்லாம் கேட்டேன் என்று நினைக்கவேண்டாம்.
போர்டில் இருக்கும் நட்சத்திரத்தை எடுக்கச் சொன்னாள்.
எடுக்கவில்லை.
"காரணம்?"
"எனக்குப் பிடிச்சிருக்கு."
அதையும் எழுதிக்கொண்டாள்.

கில்பர்ட்டிடம் நான்தான் பேசவேண்டும்.
அதற்கு அவள் வரமாட்டாள், வரவும் கூடாது.
என்ன சொல்வேன் என்று
என்னைச் சொல்லச் சொல்லிக் கேட்டாள், இரண்டு தடவை.
இரண்டாவது தடவை 'தப்பா நினைக்காத' என்பதை
நானே எடுத்துவிட்டேன்.

சனிக்கிழமை ஜெட்டியில் சொன்னேன்.
இனி ரொக்கம். பழையது மாதம் பத்தாயிரம்.
என் வீட்டுக்காரர் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
கில்பர்ட் ஒன்றும் பேசவில்லை.
பாம்பனிலிருந்து ஒரு வேன் வந்து
அவன் போட்டில் ஐஸ் ஏற்றியது.

மூன்று வாரம் ஆகிறது.
சுவரில் புதுக் கோடு இல்லை.
பழையதில் ஒன்றும் அழியவில்லை.
அவனுக்குப் போகும் நாற்பது பார்
இப்போது எங்கே போகிறது என்று
நாளைக்குக் கேட்பாள்.

பில்லின் பின்பக்கம் எழுதியாகிவிட்டது:
பதினெட்டு விற்றது.
மிச்சம் வாய்க்காலில்.